தார், ஜிம்னிக்கு ஸ்டீல் பின் பம்பரும் ஸ்பேர் டயர் கேரியரும்: 60,000 ரூபாய் எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



வேலைக்குச் சேர்ந்ததும் பைக், கல்யாணத்துக்கு அப்புறம் குடும்பத்துக்கு ஏத்த ஒரு சின்ன கார். இதுதான் ரொம்ப நாளா வழக்கம். இப்போ தில்லைநகர், கே.கே.நகர், ஸ்ரீரங்கம்னு எங்க பார்த்தாலும் இளவட்டங்க கையில தார், ஜிம்னி சாவி. வண்டி வந்த மூணாவது மாசமே அடுத்த ஆசையும் வந்துடுது: பின்னாடி கனமான ஸ்டீல் பம்பர், அதோட கதவு மாதிரி சுழன்று திறக்கிற ஸ்பேர் டயர் கேரியர்.

பார்க்க கெத்தாத்தான் இருக்கும். மறுக்கல. ஆனா இது ஸ்டிக்கர் ஒட்டுற மாதிரி வேலை இல்ல. வண்டியோட எடை, ஆர்.சி., இன்சூரன்ஸ் மூணையும் தொடுற செலவு. வீடியோவுல கணக்கு வேகமா ஓடிடும், அதனால இங்க நிதானமாப் பார்ப்போம்.

முதல்ல, இது எதுக்கு?

தார், ஜிம்னி ரெண்டுலயும் ஸ்பேர் டயர் பின் கதவுலதான் தொங்குது. கம்பெனி கொடுத்த டயரோட எடைக்கு ஏத்த மாதிரிதான் அந்தக் கதவும் கீலும் டிசைன் ஆகியிருக்கு. அதே சைஸ் டயர் இருக்கிற வரைக்கும் கதவுக்கு எந்தப் பிரச்சினையும் இல்ல.

சிக்கல் எப்போ வரும்? பெரிய டயர் போடும்போது. ஜிம்னிக்குக் கம்பெனி கொடுக்கிறது 195/80 ஆர்15. அதோட மொத்த விட்டம் சுமார் 693 மி.மீ. பலர் மாத்துற 235/75 ஆர்15-ஓட விட்டம் சுமார் 733 மி.மீ. டயர் பெருசானா எடையும் ஏறும். மேடு பள்ளத்துல வண்டி குதிக்கும்போது அந்தக் கூடுதல் எடை ஒவ்வொரு தடவையும் கதவுக் கீலை இழுக்கும். நாளாக நாளாக கதவு தொங்கும், கடகடன்னு சத்தம் வரும், கீல் பக்கத்துல தகடு விரிசல் விடலாம்.

கேரியரோட வேலை இதுதான்: டயர் எடையைக் கதவுல இருந்து எடுத்து, பம்பர் வழியா சேஸிஸுக்குக் கொண்டு போறது. அதனால முதல் கேள்வி “எந்த பிராண்ட் நல்லது?” இல்ல. “நான் டயர் சைஸை மாத்தியிருக்கேனா, மாத்தப் போறேனா?” இல்லைன்னா, உங்க வண்டியில இல்லாத ஒரு நோய்க்கு மருந்து வாங்குறீங்க.

இன்னொண்ணு. மேல சொன்ன டயர் மாற்றத்துல விட்டம் 6 சதவீதம் கிட்ட கூடுது. மீட்டர் முள் 80-ஐக் காட்டும்போது, முன்னாடி ஓடினதை விட சுமார் 6 சதவீதம் கூடுதல் வேகத்துல போயிட்டிருப்பீங்க.

50 கிலோ, வெறும் 50 கிலோ இல்ல

ஸ்டீல் பம்பரும் கேரியரும் சேர்ந்து கூடுதலா 50 கிலோன்னு வச்சுக்குவோம். இந்த எடை உட்காருற இடம் பின் ஆக்ஸிலுக்கும் பின்னாடி, சுமார் 80 செ.மீ. தள்ளி. மூணு கதவு தாரோட வீல்பேஸ் 245 செ.மீ.

சீசா பலகை மாதிரி யோசிங்க. 50-ஐ 80-ஆல பெருக்கி 245-ஆல வகுத்தா சுமார் 16. அதாவது முன் சக்கரத்துல இருந்து 16 கிலோ குறையுது, பின் சக்கரத்துல 66 கிலோ ஏறுது. பின் ஸ்பிரிங் கொஞ்சம் தாழும். அதைச் சரி பண்ண ஸ்பிரிங் மாத்தணும்னு கடையில சொன்னா, அது அடுத்த பில். ஒரு ஆக்ஸசரி இன்னொரு ஆக்ஸசரியைக் கூட்டிட்டு வர்றது இப்படித்தான்.

டிபார்ச்சர் கோணத்தையும் பாருங்க. சரிவுல இருந்து இறங்கும்போது பின்பக்கம் தரையில இடிக்காம இருக்கிற கோணம் அது. தார்ல சுமார் 36 டிகிரி, ஜிம்னியில 50 டிகிரி. ஒழுங்கா டிசைன் பண்ணின ஆஃப்ரோடு பம்பர் இதைக் குறைக்காது, சிலது கூட்டவும் செய்யும். அழகுக்குன்னு கீழே தொங்குற பைப் வச்ச பம்பர், நீங்க எதுக்காகச் செலவு பண்ணினீங்களோ அதையே கெடுத்துடும்.

“நம்ம ஊர்லயே அடிச்சுக்கலாமே?”

திருச்சிக்காரங்களுக்கு இந்த யோசனை தானா வரும். காரணமும் இருக்கு. திருவெறும்பூர்ல பெல் ஆலை 1960-கள்ல இருந்து பாய்லர் செய்யுது. அதைச் சுத்தி துவாக்குடி வரைக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைங்க வளர்ந்தது. 1975-ல ஆரம்பிச்ச வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் இங்கதான் இருக்கு. பொன்மலை ரயில்வே பணிமனை வேற. வெல்டருக்குப் பஞ்சமே இல்லாத ஊர்.

அதனால “பிராண்ட் பம்பர் 60,000, இங்க பாதி விலைக்கு முடிச்சுத் தர்றோம்”னு யாராவது சொன்னா கை நல்லா இருக்கும்னு நம்பலாம். ஆனா வெல்டிங் தரம் வேற, டிசைன் வேற. இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. கம்பெனி விட்டிருக்கிற போல்ட் துளையிலேயே மாட்டுறீங்களா, இல்ல சேஸிஸ்ல துளை போடுவீங்களா, வெல்டு வைப்பீங்களா? ரெண்டாவதுன்னா வேண்டாம். சேஸிஸைத் தொட்டா வாரண்டியும் போகும், வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டு வரவும் முடியாது.
2. கேரியர் சுழலுற அச்சுல பேரிங் இருக்கா, கிரீஸ் அடிக்க வழி இருக்கா? வெறும் கதவுக் கீலை வச்சு முடிச்சா ஆறு மாசத்துல தொங்கும்.
3. பூட்டு ஒண்ணா, ரெண்டா? ஓடுற வண்டியில கேரியர் திறந்துக்கிட்டா பின்னாடி வர்ற பைக்காரர் கதி என்ன? ரெண்டாவது பாதுகாப்புப் பூட்டு கட்டாயம்.
4. ஜிஎஸ்டி பில் தருவீங்களா?

நாலாவதுலதான் பலர் சறுக்குவாங்க. 60,000 ரூபாயில 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 9,150 ரூபாய். “பில் வேணாம்னா இதைக் குறைச்சுக்கலாம்”னு சொல்லும்போது லாபம் மாதிரித் தெரியும். ஆனா பில் இல்லாத பொருளுக்கு இன்சூரன்ஸ்ல மதிப்பு காட்ட முடியாது, பழுதானா உரிமையோட கேட்கவும் முடியாது.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு: ஆர்.சி.யில இருக்கிற விவரம், கம்பெனி முதல்ல கொடுத்த விவரத்தோட மாறுபடுற அளவுக்கு உரிமையாளர் வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில இதை உறுதியாச் சொல்லியிருக்கு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும்.

முன் பம்பர்ல மாட்டுற கிராஷ் கார்டு, புல் பார் பத்தி மத்திய அரசு 2017 டிசம்பர்லயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி நடவடிக்கை எடுக்கச் சொல்லிடுச்சு. பின் பம்பரைப் பேர் சொல்லித் தடுக்கிற வரி 52-ஆம் பிரிவுல இல்ல. அதுக்காகப் பச்சைக் கொடின்னும் அர்த்தம் இல்ல. வண்டியோட அமைப்பை, அடிப்படைத் தன்மையை மாத்துறதைத்தான் சட்டம் ‘மாற்றம்’னு சொல்லுது. நீளத்தைக் கூட்டுற, பாடியை வெட்டுற, நம்பர் பிளேட்டை மறைக்கிற எதுவும் அந்தப் பக்கம் போயிடும். மூணு கதவு தாரும் ஜிம்னியும் 3,985 மி.மீ. நீளம். 4 மீட்டருக்கு 15 மி.மீ.தான் பாக்கி.

வாங்குறதுக்கு முன்னாடி ஆர்டிஓ அலுவலகத்துல ஸ்பெக் ஷீட்டைக் காட்டிக் கேட்டுடுங்க. வண்டி கம்பெனியே விக்கிற ஆக்ஸசரி கிடைச்சா அதுதான் நிம்மதி.

இன்சூரன்ஸ்: உண்மையான ரிஸ்க் இங்கதான்

உங்க பாலிசியில இருக்கிற ஐடிவி, கம்பெனியில இருந்து வந்த வண்டிக்கான மதிப்பு. நீங்க பின்னாடி மாட்டினது அதுல தானா சேராது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலமாத் தெரிவிச்சு, பில் கொடுத்து, கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியில ஏத்தணும். ஏத்தினாலும் முழு மதிப்பு நிக்காது. வண்டிக்கான தேய்மானக் கணக்கைப் போட்டா ரெண்டு வயசு தாண்டினதும் 30 சதவீதம் போகும். 60,000 ரூபாய் பொருள் 42,000 ஆயிடும்.

சொல்லாம விட்டா? பம்பருக்குக் காசு வராதுங்கிறது சின்ன நஷ்டம். விபத்துக்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்னு சர்வேயர் எழுதிட்டா, மொத்த கிளெய்மும் இழுபறியாகும். 60,000-க்கு ஆசைப்பட்டு 12 லட்ச ரூபாய் வண்டிக்கான பாதுகாப்பைக் கேள்விக்குறியாக்குறது நல்ல பேரம் இல்ல.

இன்னொரு விஷயம்: சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசல்ல பின்னாடி ஒரு வண்டி தட்டினா, பிளாஸ்டிக் பம்பர் உடைஞ்சு அடியைக் கொஞ்சம் வாங்கிக்கும். ஸ்டீல் பம்பர் உடையாது, அடியை நேரா சேஸிஸுக்கு அனுப்பும். இடிச்சவர் டூ வீலர்ல வந்திருந்தா அவருக்கும் காயம் கூடும். அதனால கூர்மையான முனை இருக்கிற டிசைனை எந்த விலைக்கும் எடுக்காதீங்க.

இப்போ மொத்தக் கணக்கு

உதாரணத்துக்கு இப்படி:

- பம்பர் + கேரியர், ஜிஎஸ்டி சேர்த்து: 60,000
- சென்சார், கேமரா இடம் மாத்த, மாட்டுக்கூலி: 4,000
- கிரெடிட் கார்டு இஎம்ஐ, 15 சதவீதம், 12 மாசம் (மாசம் 5,416): வட்டி 4,986
- அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி: சுமார் 900

மொத்தம் 70,000 ரூபாய் கிட்ட. இன்சூரன்ஸ் பிரீமியம், ஸ்பிரிங் இதுல சேரல.

வருஷத்துக்கு எத்தனை நாள் நிஜமா ஆஃப்ரோடு போறீங்க? பச்சமலைக்கும் கொல்லிமலைக்கும் தார் ரோடே போகுது. கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுக்கு நல்ல பிரேக் வேணும், ஸ்டீல் பம்பர் வேணாம். காட்டுக்குள்ள போக வனத்துறை அனுமதி வேணும். கொள்ளிடம் மணல் கிட்டத்துலதான் இருக்கு, ஆனா ஆத்துல வண்டி இறக்குறது விளையாட்டு இல்ல. மேல தண்ணி திறந்தா இங்க சொல்லிட்டு வராது.

வருஷத்துக்கு நாலு தடவை, அஞ்சு வருஷம்னா 20 தடவை. ஒரு தடவைக்கு 3,500 ரூபாய். அந்த 60,000-ஐ 7 சதவீத வட்டியில அஞ்சு வருஷம் போட்டா சுமார் 84,000. வண்டியை விக்கும்போது இந்த பம்பருக்காக யாரும் 60,000 கூடுதலாத் தர மாட்டாங்க.

அப்போ யார் வாங்கலாம்?

பெரிய டயருக்கு மாறினவங்க, மாசம் ஒரு தடவையாவது கரடுமுரடான பாதையில போறவங்க, ஆறு மாச அவசர நிதி கையில இருக்கிறவங்க. இந்த மூணும் பொருந்தினா தயங்காம வாங்குங்க. ஆனா இஎம்ஐ வேண்டாம். அதே 5,000 ரூபாயை 12 மாசம் ஆர்.டி.யில போடுங்க. வட்டி நீங்க கட்டுறதுக்குப் பதிலா உங்களுக்கு வரும். ஒரு வருஷம் கழிச்சும் ஆசை அப்படியே இருந்தா அது உண்மையான தேவை.

மாட்டின அன்னைக்கே கடையை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி பாருங்க: கேரியரை 20 தடவை திறந்து மூடுங்க. சரிவுல நிறுத்தித் திறந்தா தானா மூடிக்காம நிக்குதா? நம்பர் பிளேட், பின் விளக்கு, ரிஃப்ளெக்டர், கேமரா எல்லாம் மறைவில்லாமத் தெரியுதா? இழுவைக் கொக்கிக்கு எத்தனை டன்னுன்னு எழுத்துல தந்தாங்களா? 500 கி.மீ. ஓடினதும் போல்ட் எல்லாத்தையும் மறுபடி முறுக்கச் சொல்லுங்க. ஸ்ரீரங்கத்துல உத்திர வீதி, சித்திரை வீதியில தெருவோரம் நிறுத்துறவங்க இன்னொண்ணும் பார்க்கணும்: முதல்ல கேரியர், அப்புறம் கதவுன்னு ரெண்டு முழுசா விரிய பின்னாடி இடம் இருக்கா? இல்லைன்னா காய்கறிப் பை வைக்கக்கூட வண்டியை முன்னாடி எடுக்கணும்.

மூணும் பொருந்தாதவங்களுக்கு: பஞ்சர் கிட், சின்ன ஏர் கம்ப்ரஸர், நல்ல இழுவைக் கயிறு. சில ஆயிரத்துல முடியும், ஆர்.சி.யைத் தொடாது, பாலிசியைத் தொடாது. வழியில மாட்டிக்கிட்டா முதல்ல கை போறதும் இதுங்க மேலதான்.