உதார் விடும் வெஜிட்டா, தொடை தட்டும் துரியோதனன்: பந்தா பார்ட்டிகளை நமக்கு ஏன் பிடிக்குது?

வேப்பனப்பள்ளிக்கு ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் எல்லைப் பகுதி. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து ஆலைகளுக்கு ஷிஃப்ட் போகிறவர்களும், பெங்களூரு ஆபீஸ்களுக்குப் போய்வருகிறவர்களும் இங்கே நிறையப் பேர். அப்படிப் போகிற வழியில் மொபைலில் ஓடுவது கிரிக்கெட்டும் ரீல்ஸும் மட்டுமல்ல. இப்போது அனிமேவும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. 2025 செப்டம்பர் 12 அன்று 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ் டப்பிங்கிலும் தியேட்டருக்கு வந்தது. ஜப்பானிய கார்ட்டூன் படத்தைத் தமிழில் பேசவைத்துப் பெரிய திரையில் போடும் அளவுக்குக் கூட்டம் சேர்ந்திருக்கிறது.

இந்தக் கூட்டத்திடம் 'உனக்குப் பிடிச்ச கேரக்டர் யாரு?' என்று கேட்டுப் பாருங்கள். நல்லவனாக, அடக்கமாக இருக்கும் ஹீரோவின் பெயர் பல நேரம் வராது. 'நான் யார் தெரியுமா?' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, அடுத்த காட்சியிலேயே மண்ணைக் கவ்வும் ஆள்தான் ஃபேவரைட். 'டீமன் ஸ்லேயர்' கதையில் பன்றித் தலையை மாட்டிக்கொண்டு, தன்னை மலைக்கே ராஜா என்று சொல்லித் திரியும் இனோசுகேவை எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே சுற்றும் நண்பன் தஞ்சிரோவின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாது. பந்தாவுக்கு மட்டும் குறைவே இல்லை.

தனக்குத் தானே 'அவர்கள்' போடும் மொழி

ஜப்பானிய மொழியில் 'நான்' என்று சொல்லப் பல சொற்கள் உண்டு. ஆண்கள் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொல்வது 'ஓரே'. மரியாதைக்காகப் பெயருக்குப் பின்னால் சேர்ப்பது 'சாமா'. சாமிக்கும், ராஜாவுக்கும், கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கும் போடுவது. இனோசுகே இரண்டையும் ஒட்டி 'ஓரே-சாமா' என்கிறான். அதாவது, 'நான் அவர்கள்'. 'டோரேமான்' பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த ஜியானும் இதே கட்சிதான். தன் பெயரோடு தானே 'சாமா' சேர்த்துக்கொள்வான். மைதானத்தில் நின்று அவன் பாட ஆரம்பித்தால் தெருவே காதைப் பொத்தும். தான் பெரிய பாடகன் என்ற அவன் நினைப்பு மட்டும் அசையாது.

ஆங்கிலத்தில் இதைக் கொண்டுவருவது கஷ்டம். அங்கே தனக்கு மரியாதை போட்டுக்கொள்ள இலக்கணத்தில் வழியில்லை. தமிழில் அந்தப் பிரச்சினையே கிடையாது. 'அண்ணன் வந்திருக்காருல்ல, இனிமே பாரு' என்று ஒருவர் தன்னைப் பற்றியே 'ர்' போட்டுப் பேசினால், அவர் எப்படிப்பட்ட ஆள் என்று நமக்கு உடனே புரிந்துவிடும். இந்தக் கேரக்டர்கள் தமிழ்க் காதுக்கு அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், இந்த ஆளை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். இரவு முழுக்க, பெட்ரோமாக்ஸ் காலத்திலிருந்து.

திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதத் திருவிழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. அதில் துரியோதனன் வருகிற விதத்தைக் கவனியுங்கள். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருப்பார்கள். பின்னாலிருந்து சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும். திரைக்கு மேலே கிரீடம் தெரியும், பிறகு முகம். திரை விலகியதும் புஜக்கட்டை பளபளக்க ஒரு சுற்று. தான் யார், தன் குலம் எது, தன் படை எவ்வளவு என்று தானே பாடி அறிமுகம் செய்துகொள்வான். இன்றைய ஹீரோ என்ட்ரிக்கு ஸ்லோமோஷன் வைக்கிறவர்கள் இதைவிடப் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

ஆனால், பக்கத்தில் கட்டியக்காரன் நிற்கிறான். ராஜாவுக்கு வாயில்காவலன், கூத்துக்குக் கோமாளி. ராஜா செந்தமிழில் பெருமை அளந்துகொண்டிருக்கும்போது, இவன் ஊர்ப் பேச்சில் குறுக்கே புகுந்து கேள்வி கேட்பான், கிண்டலடிப்பான். சபையில் ராஜாவை முகத்துக்கு நேராகக் கலாய்க்க உரிமை பெற்ற ஒரே ஆள் அவன்தான். உட்கார்ந்திருக்கும் ஊர் சிரிக்கும். பகலில் யாரைப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்ட வேண்டியிருந்ததோ, அவரைப் போன்ற ஒருவரைப் பார்த்து இரவில் சிரிக்கலாம்.

ஷாப் ஃப்ளோரில் ஒரு டிரெய்னி தன் சூப்பர்வைசரிடம் இப்படிப் பேச முடியுமா? ஆபீஸ் மீட்டிங்கில், தான் செய்த வேலையை மேனேஜர் தன் சாதனையாகச் சொல்லும்போது குறுக்கே புகுந்து கேட்க முடியுமா? வேலை போய்விடும். அதனால்தான் நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வடிவேலு ஸ்டிக்கரோ, வெஜிட்டா மீமோ விழுகிறது. கட்டியக்காரன் வேலையை இப்போது அதுதான் பார்க்கிறது.

கூத்துக்கே திரும்புவோம், ஏனென்றால் சிரிப்பு நிற்கும் இடமும் அங்கேதான் இருக்கிறது. அதே துரியோதனன், அதே குரல், அதே பந்தா. சூதாட்டம் முடிந்து பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்துவரச் சொல்லி, தொடையைத் தட்டி அங்கே வந்து உட்காரச் சொல்கிறான். ஒருவருக்கும் சிரிப்பு வராது. ஆள் மாறவில்லை. அதுவரை அவனுடைய திமிர் அவனை மட்டும்தான் கோமாளியாக்கியது. இப்போது அதற்கான விலையை வேறொருத்தி கொடுக்கிறாள்.

திருவிழாவின் கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவம் தரையில் படுத்திருக்கும். பீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் அதைச் சுற்றிச் சுற்றிச் சண்டை போடுவார்கள். பீமனின் கதை கடைசியில் இறங்குவது தொடையில். எந்த இடத்தைத் தட்டிக் காட்டினானோ, அதே இடம். பாஞ்சாலி கூந்தலை முடிவாள். விழுந்தவனுக்காக ஒப்பாரியும் உண்டு.

யார் விலை கொடுக்கிறார்கள்?

அனிமே, கேம் பக்கம் வந்தாலும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. திமிருக்கான விலையைத் திமிர் பிடித்தவனே கொடுத்தால் காமெடி. அடுத்தவர் கொடுத்தால் இல்லை.

வெஜிட்டாவைப் பாருங்கள். அகிரா தோரியாமா 1984 முதல் 1995 வரை வரைந்த 'டிராகன் பால்' காமிக்ஸில் சையன் இன இளவரசனாக வருகிறவன். (தோரியாமா 2024 மார்ச் 1 அன்று காலமானார்.) பூமிக்கு முதல்முறை வரும்போது அவன் வெறும் வில்லன், ஆட்கள் சாகிறார்கள், யாருக்கும் சிரிப்பு வராது. பிறகு பூமியிலேயே தங்கி, புல்மாவின் வீட்டில் குடியேறி, ரோஸ் கலர் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறான் பாருங்கள், அங்கேதான் காமெடி ஆரம்பிக்கிறது. அதன் உச்சம் 2013-ல் வந்த 'பேட்டில் ஆஃப் காட்ஸ்' படம். அழிவின் கடவுள் பீரஸ், புல்மாவின் பிறந்தநாள் பார்ட்டிக்கு வந்துவிடுகிறார். அவர் கோபப்பட்டால் பூமியே காலி. அதைத் தடுக்க, யாருக்கும் தலைவணங்காத இளவரசன் எல்லோர் முன்னாலும் பாட்டுப் பாடி டான்ஸ் ஆடுகிறான். மானம் போகிறது, குடும்பம் பிழைக்கிறது. ரசிகர்கள் அவனை உள்ளூர நேசிக்க ஆரம்பித்தது எந்தச் சண்டையில் என்று பலவிதமாகச் சொல்வார்கள். இந்த டான்ஸுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

அதே கதையில் வரும் மிஸ்டர் சாத்தான் இன்னும் சுவாரசியமானவர். மனிதர்களுக்குள் தற்காப்புக் கலை சாம்பியன். செல் என்ற அரக்கனை டி.வி. கேமரா முன்னால் சவாலுக்கு இழுக்கிறார். ஒரே தட்டில் பறந்து போய் மலையில் மோதுகிறார். கடைசியில் செல்லைக் கொல்வது கோஹான் என்ற பையன். பெயர் வாங்குவது இவர். ஒரு நகரத்துக்கே இவர் பெயர்! இப்படி ஓர் ஆள் நிஜத்தில் இருந்தால் எரிச்சல்தான் வரும். ஆனால் தோரியாமா அந்தப் பொய்ப் புகழை வீணாக்கவில்லை. புவூவுடனான கடைசிச் சண்டையில், உலக மக்கள் எல்லோரும் கையைத் தூக்கித் தங்கள் சக்தியைக் கொடுத்தால்தான் வெற்றி. கோகுவும் வெஜிட்டாவும் கேட்டால் யாரும் மதிக்கவில்லை, யாரோ முகம் தெரியாத குரல்கள்தானே! மிஸ்டர் சாத்தான் கத்துகிறார், உலகமே கையைத் தூக்குகிறது.

நம்ம ஊர் வடிவேலுவும் இந்தப் பாடத்தை உடம்பாலேயே நடத்தியவர்தான். 'வின்னர்' (2003) படத்தின் கைப்புள்ள 'வருத்தப்படாத வாலிபர் சங்க'த் தலைவர். சவுண்டு எவ்வளவோ, அடியும் அவ்வளவு. அடி விழுவது அவர் மேல்தான், அதனால் கூச்சமில்லாமல் சிரிக்கிறோம். சிம்புதேவன் இயக்கிய 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) இதைவிடச் சிக்கலான வேலை. கட்டுமஸ்தான உடம்பில் தன் தலையை வைத்து ஓவியம் வரையச் சொல்லும் ராஜா காமெடி. ஆனால் சாதிச் சண்டைக்கென்றே மைதானம் திறந்துவைக்கும் ராஜாவின் விலையை மக்கள்தான் கொடுக்கிறார்கள். அங்கே சிரிப்பு கொஞ்சம் குத்தும். குத்த வேண்டும் என்றுதான் அந்தக் காட்சி.

கேமில் அடிப்பது நாம்

வீடியோ கேமில் ஒரு கூடுதல் வசதி. திமிர் பிடித்தவனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அவனாகவே ஆடலாம். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா' (1995) கேமில் வந்த டான் ஹிபிகி இதற்கு அழகான உதாரணம். ரோஸ் கலர் உடை. தன் சண்டைக் கலைக்கு அவன் வைத்த பெயர் 'சாய்க்யோ-ரியூ', அதாவது 'அதிவலிமையான பாணி'. அவன் வீசும் தீப்பந்து கையைத் தாண்டிச் சில அடி போவதற்குள் அணைந்துவிடும். உண்மையில் இது போட்டிக் கம்பெனியின் மேல் காப்காம் அடித்த கிண்டல், எஸ்.என்.கே.யின் 'ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்' நாயகர்களைக் கேலி செய்யவே டானை உருவாக்கினார்கள். பிறகு வந்த பாகங்களில் அவனுக்கென்று ஒரு ஸ்பெஷல்: கஷ்டப்பட்டுச் சேர்த்த பவர் முழுவதையும் செலவழித்து, எதிராளியை வரிசையாகப் பழிப்புக் காட்டுவான். எதிராளிக்கு ஒரு சிராய்ப்புக்கூட ஏற்படாது! தோற்பதற்கென்றே ஒரு பட்டன். டானை வைத்து ஜெயிப்பதைத் தனிப் பெருமையாக நினைக்கும் ஆட்டக்காரர்கள் உண்டு.

எதிர்ப்பக்கத்து உதாரணம் 'பார்டர்லேண்ட்ஸ் 2' (2012) கேமின் ஹேண்ட்சம் ஜாக். நம்மைக் கொல்லப் பார்க்கிறவன், ஆனால் தன்னை ஹீரோ என்று நம்புகிறவன். வைரத்தில் ஒரு குதிரை வாங்கியிருப்பதாக ரேடியோவில் கூப்பிட்டுப் பீற்றுவான். பல மணி நேரம் சிரித்துக்கொண்டே விளையாடலாம். பாதி தாண்டியதும் தெரியவரும், அவன் தன் சொந்த மகளையே அடைத்துவைத்து ஆயுதம்போலப் பயன்படுத்துகிறான் என்று. அதற்குப் பிறகும் ஜோக் அடிக்கிறான், குரலும் அதேதான். நமக்குத்தான் சிரிப்பு வராது. கூத்தில் தொடை தட்டிய அதே இடம்.

ஆன்லைன் கேம்களில் இந்தக் கோடு இன்னும் மெல்லியது. எதிராளியைச் சுட்டுவிட்டு, அவன் பெட்டி மேல் ஏறி எமோட் போட்டு ஆடுகிறோம். நண்பர்களுக்குள் என்றால் ஜாலி, அடுத்த ரவுண்டில் அவன் திருப்பிக் கொடுப்பான். மைக்கை ஆன் செய்து முன்பின் தெரியாதவனின் ஊரையும் பேச்சையும் கேவலப்படுத்துகிறவன் தன்னை வெஜிட்டா என்று நினைத்துக்கொள்கிறான். அவன் ஆடுவது துரியோதனன் பார்ட், அதுவும் சபா காட்சி.

இந்தக் கணக்குக்குள் முழுசாக அடங்காத ஓர் ஆளும் உண்டு. 'ஒன் பீஸ்' பார்த்து முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், சஸ்பென்ஸ் உடையும். எயிச்சிரோ ஓடா 1997 முதல் வரைந்துவரும் இந்தக் கதையின் ஆரம்பத்தில் ஹீரோவிடம் அடி வாங்கிப் போன சிவப்பு மூக்குக் கோமாளிதான் பக்கி. அதன் பிறகு அவன் செய்ததெல்லாம் தப்பி ஓடியதும், தற்செயலாகச் சரியான இடத்தில் நின்றதும்தான். கிராக்கடைல், மிஹாக் என்ற இரண்டு நிஜ ஜாம்பவான்கள் ஓர் அமைப்பு தொடங்குகிறார்கள். பக்கியோ கிராக்கடைலுக்குக் கடன்காரன். ஆனால் விளம்பர போஸ்டரை அடித்த பக்கியின் ஆட்கள், தங்கள் தலைவரை நடுவில் பெரிதாகப் போட்டு, அந்த இருவரையும் ஓரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உலகம் போஸ்டரை நம்புகிறது. பக்கி கடலின் நான்கு பேரரசர்களில் ஒருவனாகிவிடுகிறான், தலைக்கு 318 கோடியே 90 லட்சம் பெர்ரி விலையோடு. அதே பட்டத்துக்கு உயிரைக் கொடுத்துப் போராடிய ஹீரோ லூஃபிக்கு 300 கோடிதான்.

போஸ்டரைப் பார்த்த இரண்டு ஜாம்பவான்களும் பக்கியை வெளுத்து வாங்குகிறார்கள். வாங்கிவிட்டு, பதவியில் இருந்து மட்டும் இறக்கவில்லை. எதிரிகளின் கண் இவன் மேல் இருப்பது தங்களுக்கு வசதி என்று விட்டுவிடுகிறார்கள். அப்ரைசல் சீசனில் இந்த அத்தியாயத்தைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்போடு வேறு சில முகங்களும் ஞாபகத்துக்கு வரலாம். ஓடா இன்னும் கதையை முடிக்கவில்லை. பக்கியின் கடன் பாக்கியும் அப்படியே நிற்கிறது.