பல அடுக்குப் பிளாஸ்டிக் விரிப்பும் காப்புரிமையும்

களையை அடக்கவும் ஈரத்தைக் காக்கவும் பயிர்ப் பாத்திகளில் விரிக்கப்படும் பிளாஸ்டிக் நிலப்போர்வை, கடைகளில் மல்ச்சிங் ஷீட் என்ற பெயரால் விற்கப்படுவதை விவசாயிகள் அறிவர். அவற்றுட் சில, மேல்முகம் வெள்ளி நிறமாயும் அடிமுகம் கறுப்பாயும் இருக்கும். இத்தகைய அடுக்கு விரிப்பு ஒன்றைத் தாமே கண்டுபிடித்ததாக ஒருவர் காப்புரிமை கோரினால், அதனை அளிக்கலாமா? அளித்தால், மனுச் செய்த நாள் முதல் 20 ஆண்டுகள் வரை அவருடைய அனுமதியின்றிப் பிறர் அதனைச் செய்து விற்கலாகாது. ஆதலின் இக்கேள்வி குடியானவர்களின் செலவையும் சார்ந்ததேயாம்.

பொருள் புதிதாயிருத்தல் மட்டும் போதாது. அத்தொழிலில் சாதாரணத் தேர்ச்சியுள்ளவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதாயின் காப்புரிமை இல்லை. இதனை ஆராயும் முறையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966-ஆம் ஆண்டில், ஓர் உளிக் கலப்பையைப் பற்றிய வழக்கில் வகுத்தது. கல் நிலத்தில் உழும்போது கலப்பைத் தண்டு பாறையில் மோதிச் சேதமுறாதிருக்க, கிரகாம் என்பவர் ஒரு பிடிப்பை அமைத்திருந்தார். முதலில் கீல் தகட்டிற்கு மேலே இருந்த தண்டைப் பின்னர்க் கீழே மாற்றி, மற்றொரு காப்புரிமையும் பெற்றார். இம்மாற்றம் கைதேர்ந்தவர் எவருக்கும் தோன்றக்கூடியதே என்று கண்ட நீதிமன்றம், அக்காப்புரிமை செல்லாது என்று தீர்த்தது.

அங்குக் கூறப்பட்ட விசாரணைகள் மூன்று:

1. முன்பே வழங்கிவந்தவை எவை?
2. அவற்றிற்கும் கோரப்படும் பொருளுக்கும் உள்ள வித்தியாசம் யாது?
3. அத்தொழிலில் சாதாரணத் தேர்ச்சியின் அளவு என்ன?

இவற்றை நமது விரிப்பிற்குப் பொருத்திப் பார்ப்போம். கறுப்பு நிறம் வெயிலை மறைத்துக் களையைத் தடுக்கும் என்பதும், வெள்ளி நிறம் ஒளியைத் திருப்பி அசுவினியை விலக்கும் என்பதும் முன்பே தெரிந்தவை. இரண்டையும் சேர்த்தபின் ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே செய்யுமாயின், அதில் கண்டுபிடிப்பு இல்லை. தெரிந்த சாதனங்களை, அவை தனித்தனியே தெரிந்தவாறே இயங்கும்படி வெறுமனே அடுக்குவதை இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவும் விலக்குகிறது.

மாறாக, அடுக்குகள் கூடியதால் எவரும் எதிர்பாராத பலன் விளையுமாயின் நிலைமை வேறு. பாதிக் கனத்திலேயே முன்னிலும் கிழியாது உழைத்தல் அதற்கு உதாரணம். பிறர் முயன்று தோற்றதும், நெடுநாட் குறை தீர்ந்ததும் மனுதாரருக்கு அனுகூலமான சாட்சியங்கள். விற்பனை மிகுதியும் அத்தகையதே. எனினும் அது விளம்பரத்தால் வந்ததா என்று பார்த்தல் வேண்டும்.

விடையைக் கண்டபின் எல்லாம் எளிதாகவே தோன்றும். ஆகையால், மனுச் செய்த நாளுக்கு முன்னிருந்த அறிவைக் கொண்டே தீர்மானித்தல் நியாயம்.

இந்தியாவில் மனு பிரசுரமான பின், காப்புரிமை அளிக்கப்படுமுன், எவரும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். இதற்கு முன்வழக்கத்தின் அத்தாட்சி அவசியம். எனவே விவசாயிகள், தாங்கள் வாங்கும் விரிப்புகளின் விலைச் சீட்டையும் விவரத்தாளையும் தேதியுடன் பத்திரப்படுத்தி வைப்பது நலம்.