தங்கிப் பார்க்க வேண்டிய பள்ளத்தாக்கு

இத்தாலிய தேசத்துக்குப் பிரயாணம் போய் வந்தவர்கள், அந்நாட்டு நகரங்களின் தேவாலயங்களையும் சித்திர மண்டபங்களையும் எவ்வளவு ஆர்வத்தோடு வருணிக்கிறார்களோ, அதே ஆர்வத்தோடு தாங்கள் தங்கிய விடுதிகளையும் வருணிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். அதற்குத் தக்க காரணம் உண்டு. வெனிஸ் நகரத்தில் பிரசித்தி பெற்ற டானியேலி ஹோட்டல் ஒரு காலத்தில் தண்டோலோ என்ற பிரபு வம்சத்தின் மாளிகையாக இருந்தது. கோமோ ஏரிக்கரையில் உள்ள வில்லா டெஸ்டே 16-ஆம் நூற்றாண்டில் ஒரு கார்டினலின் வாசத்துக்காக எழுந்து, 1873-இல் விருந்தினர் தங்கும் ஹோட்டலாக மாறியது. ஏதோ ஒரு பிரயோஜனத்துக்காக ஓரிடத்தில் எழும்பி, அந்த இடத்தின் நீரோடும் மண்ணோடும் இணங்கிப்போன பழைய வீட்டைப் பழுது பார்த்துப் பேணி, அதன் வாசலை அயலூராருக்குத் திறந்து வைப்பதிலேயே அந்நாட்டார் உல்லாச விடுதியின் மேன்மையைக் கண்டிருக்கிறார்கள்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் தேனிச் சீமைக்கு வருவோமானால், கம்பம் பள்ளத்தாக்குக்கு இருக்கும் சம்பத்து எவ்வளவு பெரிது என்பதும், அதை நாம் எவ்வளவு குறைவாக அனுபவித்திருக்கிறோம் என்பதும் விளங்கும். மதுரைப் பக்கமிருந்து தேக்கடிக்குப் போகும் உல்லாசப் பிரயாணிகளும், கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்கு இருமுடி கட்டிப் போகும் பக்தர்களும், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வரிசையாக வரும் ஊர்களை ஒரு டீ குடிக்கும் நேரத்துக்கு மேல் நின்று பார்ப்பதில்லை. மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் காவல் நிற்க, நடுவே முல்லையாறு பாயும் இந்தப் பிரதேசத்தை அவர்கள் ஒரு வழியாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள்.

அவர்கள் நாடிப்போகும் தேக்கடி ஏரியே இந்தப் பள்ளத்தாக்கின் பொருட்டு உண்டானது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். மேற்கே அரபிக்கடலில் வீணாய்க் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்புவதற்காக, 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டு, பொறியாளர் கர்னல் பென்னிகுயிக்கின் அயராத உழைப்பால் 1895-இல் அணை எழுந்தபோது, அதன் பின்னே தேங்கிய நீர்ப்பரப்பே இன்று நாம் படகேறிச் சுற்றும் ஏரி. அதன் கரையில், எடப்பாளையம் என்ற இடத்தில், திருவிதாங்கூர் மகாராஜா கோடை வாசத்துக்காகக் கட்டிய அரண்மனை, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பராமரிப்பில் 'லேக் பேலஸ்' என்ற விடுதியாக நடைபெற்று வருகிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய அறைகளே கொண்ட அவ்விடுதிக்கு விருந்தினர் படகில்தான் போய்ச் சேர வேண்டும். அதன் தாழ்வாரத்தில் அமர்ந்தவர் எதிரே காணும் அதே நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரத்தைப் பிறப்பித்து, கூடலூரிலிருந்து கீழே 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் பாய்கிறது. அரசனுடைய கோடை வாசமும் குடியானவனுடைய நெல்வயலும் ஒரே நீரால் வாழ்கிற இந்த விசேஷத்தை, தேக்கடியில் மட்டும் தங்கித் திரும்புகிறவர் அறிய மாட்டார். மலையிறங்கி வந்து வயல் நடுவிலும் ஓர் இரவு தங்கினால்தான் அது புலப்படும்.

பள்ளத்தாக்கின் கிழக்கு மதிலாக நிற்கும் மேகமலையின் கதை வேறு விதம். பச்சைக்கூமாச்சி என்று ஊர்க்காரர்கள் வழங்கும் இம்மலைக்குச் சின்னமனூரிலிருந்து ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில், ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று தேயிலைத் தோட்டங்களும் நீர்த்தேக்கங்களும் மாறி மாறி வரும் அந்தப் பீடபூமியில், தோட்டத் துரைமார்களுக்காகக் கட்டப்பட்ட பங்களாக்கள் சில இப்பொழுது விருந்தினரை ஏற்கின்றன. எளிய செலவில் தங்க விரும்புவோருக்குப் பேரூராட்சியின் விடுதியும் உண்டு.

அத்தகைய பங்களா ஒன்றில் தங்கியவருக்கு, அதன் சௌகரியம் எங்கே இருக்கிறது என்பது விடியற்காலையில் தெரிந்துவிடும். அகன்ற வராந்தாவின் பிரம்பு நாற்காலியில் கம்பளியைப் போர்த்தியபடி அமர்ந்திருக்கையில், எதிரே எதுவும் தோன்றாத வெண்மை கொஞ்சம் கொஞ்சமாக விலகி, முதலில் சில்வர் ஓக் மரங்களின் உச்சியும், பிறகு தேயிலைச் செடிகளின் வரிசையும், கடைசியில் நீர்த்தேக்கத்தின் விளிம்பும் வெளிப்படும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் இடுப்பில் படுதாவைச் சுற்றிக்கொண்டு, பேச்சுச் சத்தம் முன்னே வர, மேட்டிலிருந்து இறங்குவார்கள். அந்தக் குளிரில் அந்தத் தோட்டத்துத் தேயிலையிலேயே போட்டுக் கொடுத்த சூடான தேநீருக்கு நிகரான உபசாரத்தை, பளிங்குக் கற்கள் பதித்த எந்த நகரத்து ஹோட்டலும் செய்துவிட முடியாது. ஆனால் இந்த மலை மனிதருக்கு மாத்திரம் உரியதல்ல. யானையும் காட்டுமாடும் சிங்கவால் குரங்கும் வாழும் இச்சோலைகள் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்க்கப்பட்டன. ஆகையால் இருட்டிய பின் சாலையில் வாகனம் ஓட்ட அனுமதியில்லை என்று வனத்துறையார் சொல்வதை இடையூறாகக் கருதாமல், அந்த மௌனத்துக்கு நாம் கொடுக்கும் விலையாகவே கருத வேண்டும்.

வடக்கே போடிநாயக்கனூர் ஜமீனும் ஏலக்காயும் வளர்த்த ஊர். மலைத் தோட்டங்களிலிருந்து வரும் ஏலக்காய் இங்கே ஏல மண்டபத்தில் விலை பேசப்படுகிறது. 1928-இல் மதுரையிலிருந்து இவ்வூருக்கு வந்த ரயில், அகலப் பாதைக்காகப் பல ஆண்டு நின்றிருந்து, 2023 ஜூனில் மீண்டும் ஓடத் தொடங்கியது. வசதியான ரயில் இருக்கும்போது, தங்குவதற்குத் தக்க இடம் தேடி வெளியூரார் வருவது இனி அதிகமாகும்.

அவர்களை எங்கே தங்க வைக்கப் போகிறோம் என்பதே இப்பொழுது நாம் யோசிக்க வேண்டிய விஷயம். சாலையோரத்தில் கண்ணாடி முகப்போடு உயரும் லாட்ஜுகள் வணிகர்களுக்குப் பயன்படும். ஆனால் அவற்றில் உறங்குகிறவருக்குத் தாம் கம்பத்தில் இருக்கிறோமா, கரூரில் இருக்கிறோமா என்பது தெரியாது. இதற்கும் இத்தாலி ஒரு வழி காட்டியிருக்கிறது. கிராமத்து விவசாயி தன் பண்ணை வீட்டிலேயே விருந்தினரைத் தங்க வைத்து, தன் நிலத்து விளைபொருளையே சமைத்துப் போட்டு, அதனால் ஓர் உபரி வருமானம் அடையும் பழக்கத்துக்கு, 1985-இல் அந்நாடு தனிச் சட்டமே செய்து ஆதரவளித்தது. விவசாயமே பிரதானம், விருந்து அதற்குத் துணை என்பதுதான் அச்சட்டத்தின் ஜீவன்.

அந்த ஏற்பாட்டுக்கு நம் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான நிலம் எது? சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி ஊர்களில் விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பலன் தரும் அக்கொடி, ஒரு தோட்டத்தில் ஓய்ந்தால் அடுத்த தோட்டத்தில் பழுக்கும்படி முறை வைத்து வளர்க்கப்படுவதால், ஆண்டின் எல்லா மாதங்களிலும் அறுப்பு உண்டு. கல்தூண்கள் மேல் கம்பி பின்னிய பந்தலுக்குள் சற்றே குனிந்து நுழைந்தால், வெயில் இலைகளில் வடிகட்டிப் பச்சையாய் விழ, முகத்துக்கு நேரே கருநீலக் குலைகள் தொங்கும். மேலே படிந்த சாம்பல் பூச்சு கலையாமல் காம்பைப் பிடித்து வெட்டி, பழம் நசுங்காதபடி பெட்டியில் அடுக்குகிற கைகளின் நிதானத்தை அரைநாள் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பந்தலை ஒட்டி, ஓடு வேய்ந்து, சுத்தமான படுக்கையும் நல்ல தண்ணீரும் உள்ள இரண்டு அறைகளைக் கட்டி, அவ்வீட்டு அரிசிச் சோற்றையும் தோட்டத்துத் திராட்சையையும் பரிமாற ஒரு குடும்பம் முன்வருமானால், சந்தை விலையை மட்டும் நம்பியிருக்கும் அந்தக் குடும்பத்துக்கு அது இரண்டாவது பலமாக அமையும்.

அரசாங்கம் கடனும் பயிற்சியும் கொடுக்கட்டும். ஊராட்சிகள் சாலையையும் சுகாதாரத்தையும் கவனிக்கட்டும். பிரயாணிகளாகிய நாமோ, தேக்கடிக்குப் போகும் வழியில் ஓர் இரவையாவது இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒதுக்குவோம். தண்ணீரைக் கொண்டுவந்த பென்னிகுயிக்குக்காக ஒவ்வொரு ஜனவரி 15-இலும் பொங்கல் வைத்துக் கொண்டாடும் நன்றியுள்ள மக்கள் இவர்கள். இத்தகையோர் வீட்டில் விருந்தாளியாக இருப்பதைவிட உயர்ந்த உல்லாசம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.