கண்ணாடி துடைப்போரின் நீர்த்தொட்டியில் மின் சூடேற்றி

பிரிட்டனில் வீடுகளின் ஜன்னல் கண்ணாடிகளைத் துடைப்பது ஒரு தனித் தொழிலாகும். தனி மனிதர்களும் இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழுக்களுமே பெரும்பாலும் இதனை நடத்தி வருகின்றனர். முன்னர் ஏணி, வாளி, துணி, ரப்பர் விளிம்புள்ள வழிப்பான் ஆகியவையே இவர்களின் கருவிகளாக இருந்தன. உயரத்திலிருந்து விழுந்து உயிரிழப்பதும் உறுப்பிழப்பதும் இத்தொழிலின் தீராத இடராக இருந்து வந்தது. உயரத்தில் பணியாற்றுவது குறித்த விதிகள் அந்நாட்டில் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. உயரத்தில் ஏறுவதைத் தவிர்க்க இயலுமாயின் முதலில் தவிர்க்க வேண்டும் என்பதே அவற்றின் அடிப்படை. தரையில் நின்றவாறே நீண்ட கம்பின் நுனியிலுள்ள தூரிகையால் கழுவும் முறை இதன் பின்னர் விரைந்து பரவியது. வேனில் ஒரு தொட்டி, ஒரு சிறு பம்பு, மெல்லிய நீண்ட குழாய், இலேசான கம்பு ஆகியவையே இம்முறைக்குத் தேவை.

இங்குப் பயன்படும் நீர் சாதாரணக் குழாய் நீரன்று. குழாய் நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புக்கள் நீர் உலர்ந்ததும் கண்ணாடியில் வெண்புள்ளிகளாகத் தங்கிவிடும். ஆகவே எதிர்ச் சவ்வூடு பரவல் முறையாலும், அதன் பின்னர் அயனிப் பரிமாற்றப் பிசின்களாலும் உப்புக்கள் ஏறக்குறைய முற்றிலும் நீக்கப்படுகின்றன. இவ்வாறு தூய்மையாக்கிய நீரைக் கண்ணாடியில் பாய்ச்சித் தேய்த்து விட்டுவிட்டால் போதும்; துடைக்காமலேயே கறையின்றி உலர்ந்துவிடும்.

இந்நீரை ஏன் சூடேற்ற வேண்டும்? பறவை எச்சம், எண்ணெய்ப் பிசுக்கு, சிலந்திக் கூட்டின் பிசின் ஆகியவை வெதுவெதுப்பான நீரில் எளிதில் இளகுகின்றன. உறைநிலையை ஒட்டிய காலைகளில் குழாய் விறைப்பதில்லை. கைகளும் மரத்துப் போவதில்லை. ஆனால் இந்த வசதியை அடைவதற்காக ஒரு பிளாஸ்டிக் தொட்டியையும் 230 வோல்ட் மின்சாரத்தையும் உலோக வண்டி ஒன்றினுள் ஒன்றாக வைக்க நேரிடுகிறது. ஏணியின் ஆபத்திலிருந்து தப்பிய தொழிலாளி வேறோர் ஆபத்தில் சிக்காதிருக்க வேண்டுமாயின், இதன் இயற்பியலைச் சற்றே விரிவாக அறிந்து கொள்வது இன்றியமையாதது.

வெப்பக் கணக்கு

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.19 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 400 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி ஒன்றை எடுத்துக் கொள்வோம். அதை 1 டிகிரி உயர்த்த 0.465 கிலோவாட் மணி, அதாவது ஏறக்குறைய அரை யூனிட் தேவை. குளிர்காலத்தில் 5 டிகிரியில் இருக்கும் நீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர 18.6 யூனிட் செலவாகும். 3 கிலோவாட் சூடேற்றி இதற்கு 6 மணி 12 நிமிடம் எடுத்துக் கொள்ளும். தொட்டியின் சுவர்கள் வழியே இழக்கப்படும் வெப்பம் இக்கணக்கில் சேரவில்லை.

பிரிட்டனில் 1978ஆம் ஆண்டு அறிமுகமான 'எகானமி 7' என்னும் கட்டண முறையில், இரவில் ஏழு மணி நேரம் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும். 400 லிட்டர் தொட்டியும் 3 கிலோவாட் சூடேற்றியும் அந்த ஏழு மணிக்குள் அடங்கிவிடுகின்றன.

வேலை நடக்கும்போதே, ஓடும் நீரைச் சூடாக்கலாகாதா என்ற ஐயம் மாணவர்களுக்கு எழக்கூடும். நிமிடத்திற்கு 2 லிட்டர் பாயும் நீரை 40 டிகிரி உயர்த்த 5.6 கிலோவாட் திறன் வேண்டும். வேனின் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து இதனைப் பெறுவதாயின் 465 ஆம்பியர் மின்னோட்டம் ஓடியாக வேண்டும்! 100 ஆம்பியர் மணி கொண்ட மின்கலம் ஒன்றில் அடங்கியுள்ள மொத்த ஆற்றலே 1.2 யூனிட்தான். அதனைச் சொட்டுக்கூட மிச்சமின்றிச் செலவிட்டாலும் தொட்டி நீர் 2.6 டிகிரி மட்டுமே சூடேறும். வெப்பத்தைச் சேமித்து வைக்க மின்கலத்தைவிட நீரே மலிவான, எளிய சாதனம் என்பது இதனால் விளங்கும். ஓடும் நீரைச் சூடாக்க விரும்புவோர் டீசலாலோ வாயுவாலோ எரியும் சூடேற்றிகளை நாடுகின்றனர். அவற்றுக்குப் புகை வெளியேற்றம், எரிபொருள் முதலிய வேறு கவலைகள் உண்டு.

தொட்டியில் பொருத்துதல்

இங்கிலாந்தில் வீட்டு வெந்நீர் உருளைகளுக்கென விற்கப்படும் சூடேற்றிகள் 2¼ அங்குலக் குழாய்த் திருகுடன் வருகின்றன. பாலிஎத்திலீன் தொட்டியின் சுவரில் நேரடியாக இத்திருகை முறுக்கி இறுக்குதல் கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் இளகி, திருகு தளர்ந்து நீர் கசியும். சுவரின் இருபுறமும் அகன்ற வளையத் தட்டுகளை வைத்து, இடையே வெப்பம் தாங்கும் ரப்பர் அடைப்புக் கொடுத்து இறுக்க வேண்டும்.

சூடேற்றியை மேலிருந்து செங்குத்தாகத் தொங்கவிடுவது எளிதெனத் தோன்றும். ஆயினும், சூடான நீர் இலேசாகி மேலெழும். குளிர்ந்த நீர் அடியில் தங்கும். ஆகவே குட்டையான சூடேற்றியை மேலிருந்து பொருத்தினால் மேல்மட்டம் கொதிக்க, அடிமட்டம் குளிர்ந்தே கிடக்கும். பக்கச் சுவரில், தரையிலிருந்து சிறிது உயரத்தில், கிடைமட்டமாகப் பொருத்தினால் வெப்பச் சலனம் தொட்டி முழுவதையும் தானே கலக்கிவிடும். சூடேற்றியின் உலோகக் குழாய் எந்த இடத்திலும் பிளாஸ்டிக் சுவரைத் தொடலாகாது.

பம்புக்கு நீர் எடுக்கும் வாய் சூடேற்றிக்கு மேலே இருக்க வேண்டும் என்பதை மிக முக்கியமான விதியாகக் கருதுகிறேன். அவ்வாறு அமைத்தால், பம்பு எவ்வளவு நேரம் ஓடினாலும் சூடேற்றியை மூடும் அளவு நீர் எஞ்சியே நிற்கும். நீரை விட்டு வெளியே வந்த சூடேற்றி சில நிமிடங்களில் பழுக்கக் காய்ந்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை உருக்கித் தீமூட்டவும் கூடும். இதற்கு மேலும் காப்பாக, நீர்மட்டம் குறைந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் மிதவைச் சுவிட்ச் ஒன்றை வைப்பது நலம்.

உப்பு நீக்கிய நீரில் வீட்டு வெந்நீர் உருளைகளைப் போலச் சுண்ணாம்புப் படிவு தோன்றாது. ஆனால் அந்நீர் உலோகங்களைக் கரைக்கும் இயல்புடையது. செம்பு உறையுள்ள சூடேற்றி சிறுகச் சிறுக அரிக்கப்படும். கரைந்த செம்பு நீரின் தூய்மையைக் கெடுக்கும். பாடுபட்டு நீக்கிய உப்பின் இடத்தில் நாமே வேறோர் உலோகத்தைச் சேர்ப்பதாக அது முடியும். எனவே அரிப்பைத் தாங்கும் நிக்கல் கலவை அல்லது டைட்டானியம் உறையுள்ளவையே இதற்கு ஏற்றவை. நீரைக் குளிர்ந்த நிலையிலேயே தூய்மையாக்கி, அதன் பின்னரே சூடேற்ற வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். சவ்வுகளும் பிசின்களும் சூட்டைத் தாங்கா.

ஒற்றைத் தெர்மோஸ்டாட்டின் ஆபத்து

குறித்த வெப்பநிலையில் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட்டின் பணி. அதன் தொடுமுனைகள் ஒட்டிக் கொண்டால் நீர் கொதிக்கும் வரை சூடேறிக் கொண்டேயிருக்கும். பாலிஎத்திலீன் தொட்டி கொதிநீரின் சூட்டில் வலுவிழந்து சரியும். 2002ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் டான்டன் நகரில் இத்தகைய கோளாறு ஓர் உயிரைப் பலிகொண்டது. அங்கு வீட்டு வெந்நீர் உருளை ஒன்றின் தெர்மோஸ்டாட் பழுதடைந்தது. கொதிநீர் பரணிலிருந்த பிளாஸ்டிக் தொட்டியை அடைந்து அதனை இளக்கியது. தொட்டி சரிந்து, கீழ் அறையில் உறங்கிக் கொண்டிருந்த குழந்தையின் மேல் கொதிநீர் கொட்டியது. ஆகவே தெர்மோஸ்டாட்டைத் தவிர, அதனைச் சாராது இயங்குவதும், ஒருமுறை துண்டித்தபின் மனிதர் கையால் அன்றி மீண்டும் இணையாததுமான இரண்டாவது துண்டிப்பி உள்ள சூடேற்றியையே வாங்க வேண்டும். அத்துடன், தொட்டியின் மூடியில் காற்றுப்போக்கு எப்போதும் திறந்திருத்தல் வேண்டும். அடைபட்ட தொட்டியில் நீராவி அழுத்தம் பெருகும்.

மின் இணைப்பு

பிரிட்டனின் வழக்கமான செருகியின் எல்லை 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் இது ஏறக்குறைய 3 கிலோவாட். அதாவது அதன் முழு எல்லையிலேயே ஆறு மணி நேரத்திற்கு மேல் ஓட்ட வேண்டியுள்ளது. தேநீர்க் கெண்டி ஒன்றை மூன்று நிமிடம் ஓட்டுவதற்கும் இதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. சற்றே தளர்ந்த தொடுமுனையும் இரவு முழுதும் காய்ந்து கருகிவிடும். 2 கிலோவாட் சூடேற்றியைத் தேர்ந்தால் செருகிக்கு நல்லது. ஆனால் 9 மணி 18 நிமிடம் வேண்டியிருப்பதால் மலிவு நேரத்திற்குள் அடங்காது. தொழிற்கூடங்களில் பயன்படும் 16 ஆம்பியர் நீலநிறச் செருகியைத் தனிக் கம்பியில் அமைப்பதே இரண்டுக்கும் பொருந்தும் தீர்வு. உருளையில் சுற்றிய நீட்டிப்புக் கம்பியைப் பயன்படுத்துவோர் அதனை முழுவதும் பிரித்து விரித்துவிட வேண்டும். சுற்றியபடியே விட்டால் உட்சுற்றுக்களின் வெப்பம் வெளியேற வழியின்றிக் காப்புறை உருகும்.

30 மில்லி ஆம்பியர் கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் கட்டாயம் இருத்தல் வேண்டும். ஆயினும் அது ஒன்றே போதும் என்ற எண்ணம் தவறானது. பிரிட்டனின் பல வீடுகளில் நியூட்ரலும் எர்த்தும் தெருவில் ஒரே கம்பியாக வருகின்றன. அக்கம்பி எங்கேனும் அறுபட்டால், வீட்டின் எர்த்துடன் இணைந்த உலோகப் பொருள்கள் அனைத்திலும் மின்னழுத்தம் ஏறக்கூடும். வீட்டினுள் எல்லா உலோகமும் சம அழுத்தத்தில் இருப்பதால் ஆபத்து குறைவு. வெளியே நிற்கும் வேனின் நிலை வேறு. ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கும் உலோக உடலும், ஈரத் தரையில் நின்று அதன் கதவைத் தொடும் மனிதரும் இருவேறு அழுத்தங்களில் இருப்பர். கசிவுத் துண்டிப்பி இதனை உணராது. உணர்ந்து துண்டித்தாலும் எர்த் கம்பி துண்டிக்கப்படுவதில்லை. உலோக உடலுள்ள கேரவன் வண்டிகளையும் படகுகளையும் இத்தகைய எர்த்துடன் இணைக்கலாகாது என அந்நாட்டு விதிகள் தடுத்திருப்பதற்கு இதுவே காரணம். வேனுக்கும் இதே இயற்பியல்தான் பொருந்தும். தனி எர்த் மின்முனை ஒன்றை நிலத்தில் பதிப்பதா, பிரிப்பு மின்மாற்றியைப் பயன்படுத்துவதா என்பதைத் தகுதி பெற்ற மின் பணியாளரே முடிவு செய்ய வேண்டும்.

காலையில் செருகியைப் பிடுங்காமல் வண்டியை ஓட்டிச் செல்வோரும் உண்டு என்பதால், செருகியை ஓட்டுநர் கதவை ஒட்டி வைப்பது நல்ல பழக்கம். 400 லிட்டர் நீரின் எடை 400 கிலோகிராம். தொட்டியை வண்டியின் சட்டத்துடன் இறுகப் பிணைக்காவிடில், திடீரெனப் பிரேக் போடும்போது அது ஓட்டுநரை நசுக்கிவிடும்.

எத்தனை டிகிரி?

வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகும். 20 முதல் 45 டிகிரி வரையிலான வெப்பம் அதற்கு உகந்தது; 60 டிகிரியில் அது அழிகிறது. நீர்த் திவலைகளை மூச்சில் உள்ளிழுப்பதால் கடும் நுரையீரல் அழற்சி நேரும். தூரிகையிலிருந்து சிதறும் நீரோ திவலையேயாகும். 60 டிகிரி வரை சூடேற்றலாம் என்றால் 25.6 யூனிட்டும் எட்டரை மணி நேரமும் வேண்டும். கை வெந்துபோகும் இடரும் உண்டு. தொட்டி, பம்பு ஆகியவற்றின் வெப்ப எல்லையையும் பார்க்க வேண்டும். உறைபனி படிந்த கண்ணாடியில் அத்தகைய நீர் பட்டால் கண்ணாடி வெடிக்கவும் கூடும். ஆகவே பெரும்பாலோர் 40 முதல் 45 டிகிரியிலேயே நிறுத்துகின்றனர். நீண்ட மெல்லிய குழாய் வழியே செல்லும்போது நீர் மேலும் குளிர்ந்துவிடும். இவ்வாறு செய்வோர் இரவில் சூடேற்றிய நீரை அன்றே செலவிட்டுவிட வேண்டும்; பாதித் தொட்டியை வெள்ளி முதல் திங்கள் வரை வெதுவெதுப்பாக விட்டுவைப்பதே தீங்கு. கோடையில் சூடேற்றியை அணைத்து, தொட்டியை நிழலில் 20 டிகிரிக்குக் கீழே வைத்தல் நன்று. வேலையில்லா நாட்களில் நீரை வடித்துவிட்டு, அவ்வப்போது தொட்டியின் உட்புறத்தையும் குழாய்களையும் கிருமி நீக்கம் செய்ய வேண்டும்.

நம் நாட்டில்

இந்தியாவில் இத்தகைய வேன் தொட்டிகளைவிட, வாளியில் அமிழ்த்தும் 'இம்மர்ஷன் ராடு' தான் பலருக்கும் பழக்கம். வட மாநிலங்களின் குளிர்காலத்தில் விடுதிகளிலும் சிறு வீடுகளிலும் இதுவே வெந்நீர்ச் சாதனம். 15 லிட்டர் நீரை 12 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குச் சற்றே அதிகம் செலவாகும்; 1,500 வாட் ராடுக்கு 21 நிமிடம். ஆற்றல் சிக்கனத்தில் இது மின்தடையால் சூடேற்றும் மற்ற வெந்நீர்ச் சாதனங்களுக்குக் குறைந்ததன்று. செலவிடும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் நீரையே அடைகிறது. குறைபாடு வேறிடத்தில் உள்ளது. இவற்றுள் பெரும்பாலானவற்றில் தெர்மோஸ்டாட் இல்லை. நீர்மட்டத்தைக் காக்கும் ஏற்பாடும் இல்லை. மெல்லிய உறையில் விரிசல் விழுந்தால் நீரே மின்னேற்றம் பெறும். இரு கால் செருகி பொருத்தி எர்த் கம்பியை வெட்டிவிடும் வழக்கமும் சில இடங்களில் நீடிக்கிறது. இச்சாதனங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. முத்திரையில்லாத ராடு சந்தையில் மலிவாகக் கிடைப்பதால் அதனை வாங்குவோருக்கும், எர்த் இணைப்பே இல்லாத அறைகளை வாடகைக்கு விடுவோருக்கும் அந்த முத்திரையால் பயனில்லை. விடுதிகளையும் அரசுக் குடியிருப்புக்களையும் பராமரிக்கும் அலுவலர்கள் முதலில் ஒவ்வோர் அறையின் மூன்று துளைச் செருகுவாயிலும் எர்த் உண்மையில் இணைந்துள்ளதா எனச் சோதிப்பதும், 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பியைப் பொருத்துவதும் அதிகச் செலவில்லாத பணிகளாகும். நீரின் சூட்டைக் கையால் பார்க்க விரும்புவோர் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. சில இணைப்புகளில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் அமைந்திருக்கும். செருகியையே பிடுங்கிய பின்னர்தான் நீரில் கை வைக்க வேண்டும்.