தேர்தல் கேலியும் ஜனநாயக மரியாதையும்

நான்கு வருஷங்களுக்கு ஒரு முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜனாதிபதித் தேர்தல் நடக்கிறது. அந்தச் சமயத்தில் அங்கே வாய் மூடியிருப்பவர்கள் மிகச் சிலரே. க்ஷவரக் கடையிலும், காப்பிக் கடையிலும், தொழிற்சாலை வாயிலிலும், ஒரே குடும்பத்தின் சாப்பாட்டு மேஜையிலுங்கூட வோட்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று, ஒருவர் அபேட்சகரை மற்றவர் பரிகாசம் செய்கிறார்கள். ஒருவர் தள்ளாத கிழவர் என்றும், மற்றவர் தற்பெருமைக்காரர் என்றும், ஒருவர் சிரிப்பது பொய்யென்றும், மற்றவர் தலைமயிரே பொய்யென்றும் வார்த்தைகள் பறக்கின்றன. இதைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. ஒரு பெரிய நாட்டின் தலைமைப் பதவிக்கு நிற்பவரைத் தெருவில் போகிறவனெல்லாம் நையாண்டி செய்வதா, இதற்குப் பெயர்தான் ஜனநாயகமா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

நாம் அந்தப் பெரியவர்களின் கட்சியில் சேரத் தயாராயில்லை. கேலி செய்யும் சுதந்திரம் உள்ள நாட்டில்தான் ஜனங்கள் பயமின்றி வாழ்கிறார்கள். ஆனால் கேலிக்கு ஓர் எல்லை உண்டென்பதை நாமும் மறுக்கவில்லை. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வார்த்தையின் காரத்தை அளந்து பார்த்து அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அமெரிக்க சரித்திரம் அதற்கு மாறாகச் சாட்சி சொல்லுகிறது. அந்தச் சாட்சியைச் சற்று விசாரிப்போம்.

சிரித்ததற்கு அபராதம்

1798-ம் வருஷத்தில் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ், நியூ ஜெர்ஸி ராஜ்யத்திலுள்ள நியூவார்க் ஊர் வழியாகப் பயணம் போனார். அவருக்கு மரியாதையாகப் பீரங்கி வெடித்தார்கள். மதுக்கடைப் பக்கம் நின்றுகொண்டிருந்த லூதர் பால்டுவின் என்ற ஒருவர், அந்தப் பீரங்கி ஜனாதிபதியின் பின்புறத்தில் பாய்ந்தாலும் தமக்குக் கவலையில்லை என்று சொல்லிவிட்டார். குடிபோதையில் சொன்ன கொச்சையான வேடிக்கை. வேறொரு காலமாயிருந்தால் கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அந்த வருஷந்தான் சர்க்காரை அவதூறு செய்வதைக் குற்றமாக்கும் ராஜத்துவேஷச் சட்டம் அமெரிக்காவில் பிறந்திருந்தது. பால்டுவின் நியாயஸ்தலத்துக்கு இழுக்கப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டார்.

அதே சட்டத்தின்கீழ் வெர்மாண்ட் ராஜ்யத்தின் பிரதிநிதி மாத்யூ லையன் நான்கு மாதச் சிறைத் தண்டனையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். சிறையில் இருக்கும்போதே அவருடைய தொகுதி வோட்டர்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். சர்க்காருக்கு அதைவிடச் சரியான பதில் வேறென்ன இருக்க முடியும்? ராஜத்துவேஷம் என்ற வார்த்தைக்கு நம் வாசகர்களுக்குப் பதவுரை தேவையில்லை. 1908-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பியதும் இதே பெயருள்ள குற்றந்தான்.

1800-ம் வருஷத் தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார். சட்டம் போட்டு அடக்கிய சிரிப்பு வோட்டாக வெளியே வந்தது. அந்தத் தேர்தலில் இரு தரப்பாரும் பேசிய பேச்சு சாமானியமானதல்ல. ஜெபர்ஸன் வந்தால் தெய்வ நம்பிக்கையே அழிந்துவிடும் என்றார்கள் ஒரு கட்சியார். ஆடம்ஸ் முடி சூட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார் என்றார்கள் மற்றக் கட்சியார். முடிவில் ஜெபர்ஸனும் அவருடைய கட்சியையே சேர்ந்த பர்ரும் ஆளுக்கு 73 எலெக்டர் வோட்டுப் பெற்றுச் சமமாக நின்றார்கள். பிரதிநிதிகள் சபை 36 தடவை வோட்டெடுத்து 1801 பிப்ரவரி 17-ல் ஜெபர்ஸனைத் தேர்ந்தெடுத்தது. மார்ச் 4-ந் தேதி, பதவியேற்பு வைபவத்துக்கு நிற்காமல், பொழுது விடியுமுன்பே ஆடம்ஸ் தலைநகரை விட்டுப் புறப்பட்டார். மனம் கசந்துதான் போனார். ஆனால் போனார். வசைக்கும் வழக்குக்கும் பிறகு, ஒரு துப்பாக்கி கூட வெடிக்காமல் ஆட்சி கைமாறியது. இதுவே அந்தக் குடியரசின் முதல் பெரிய வெற்றியென்பது நமது அபிப்பிராயம். பிறகு 1812-ல் இருவரும் மீண்டும் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். 1826 ஜூலை 4-ல், சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவன்று, இருவரும் ஒரே நாளில் காலமானார்கள்.

வசவே விருதாவது

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். 1828-ல் ஆண்ட்ரூ ஜாக்ஸனை எதிரிகள் அவர் பெயரையே திரித்துக் கழுதை என்றழைத்தார்கள். பின்னர் சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் 1870-ல் கழுதையையும் 1874-ல் குடியரசுக் கட்சிக்கு யானையையும் வரைந்து பிரபலமாக்கினார். வசவாகப் பிறந்த கழுதை இன்று ஜனநாயகக் கட்சியின் சின்னமாகத் தலைநிமிர்ந்து நிற்கிறது.

1840-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. விக் கட்சியின் அபேட்சகர் வில்லியம் ஹென்றி ஹாரிஸனைப் பற்றி பால்டிமோர் பத்திரிகையொன்று, அவருக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் கொஞ்சம் பென்ஷனும் கொடுத்துவிட்டால் மரக்கட்டைக் குடிசையில் உட்கார்ந்து காலத்தைக் கழித்துவிடுவார் என்று ஏளனம் செய்தது. விக் கட்சியார் கோபிக்கவில்லை. ஊருக்கு ஊர் மரக்கட்டைக் குடிசை கட்டினார்கள். ஆப்பிள் மதுவை வாரி வழங்கினார்கள். எங்கள் ஆள் ஏழைபங்காளர் என்று பாடிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்றார்கள். உண்மையில் ஹாரிஸன் வர்ஜீனியாவின் பெரிய நிலச்சுவான்தார் குடும்பத்தில் பிறந்தவர்! மல்லாந்து உமிழ்ந்தவர்களின் மார்பிலேயே எச்சில் விழுந்தது. 234-க்கு 60 என்ற எலெக்டர் கணக்கில் ஹாரிஸன் ஜெயித்தார். வோட்டுரிமை பெற்றிருந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர்வரை அந்தத் தேர்தலில் வோட்டுப் போட்டார்கள். கேலி ஜனங்களை வோட்டுச் சாவடிக்கு அழைத்துவந்தது.

நம் குழந்தைகள்கூடச் சொல்லும் 'ஓ.கே.' என்ற வார்த்தை உலகமெங்கும் பரவியதற்கும் அந்தத் தேர்தலே ஒரு முக்கிய காரணம். எதிர் அபேட்சகர் வான் ப்யூரனின் ஊர் கிண்டர்ஹூக். அவருடைய ஆட்கள் 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்ற செல்லப் பெயரைச் சுருக்கி 'ஓ.கே.' சங்கம் வைத்தார்கள். எதிரிகள் அந்த இரண்டெழுத்துக்கு விதவிதமான விபரீத அர்த்தங்களைக் கற்பித்துச் சிரித்தார்கள். அபேட்சகர் தோற்றுப்போனார், வார்த்தை பிழைத்துக்கொண்டது.

கேலி எல்லாம் இப்படி இனிமையாக முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1828-ல் ஜாக்ஸனின் மனைவி ரேச்சலின் முதல் விவாகம் சட்டப்படி ரத்தாகுமுன் இரண்டாவது விவாகம் நடந்ததென்ற பழைய விவகாரத்தைத் தோண்டி எடுத்து, அந்த மாதரசியை ஊரெல்லாம் தூற்றினார்கள். ஜாக்ஸன் ஜெயித்தார். பதவி ஏற்குமுன்பே, டிசம்பர் 22-ல், ரேச்சல் இறந்தார். அவதூறே அவர் உயிரைக் குடித்ததென்று ஜாக்ஸன் கடைசிவரை நம்பினார். வோட்டுக்கு நிற்பவன் அடி வாங்கத் துணிந்து அரங்கத்தில் இறங்கியவன். அவன் மனைவி மக்கள் அப்படி இறங்கியவர்களல்லர். அவர்களைத் தாக்குவதைக் கேலி என்று நாம் ஒப்பமாட்டோம்.

ஆப்பிள் பீப்பாய்

வோட்டர்களின் கேலி எப்படி இருக்க வேண்டுமென்பதற்கு நமக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1856-ம் வருஷத்தியது. மாஸாசூஸெட்ஸ் ராஜ்யத்தில் பென் பெர்லி பூர் என்ற பத்திரிகையாளர் இருந்தார். அவர் பில்மோரின் கட்சி. அவருடைய நண்பர் கர்னல் பர்பாங்க் பிரமாண்டின் கட்சி. தங்கள் ராஜ்யத்தில் யாருக்கு வோட்டு அதிகம் கிடைக்குமென்று இருவரும் பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் கொடுக்கவேண்டும்; அதுவும் ஒற்றைச் சக்கரக் கைவண்டியில் வைத்துத் தாமே தள்ளிக்கொண்டுவந்து கொடுக்கவேண்டும். பூர் தோற்றார். நியூபரியிலிருந்து பாஸ்டன் நகரம் வரை, முப்பது மைலுக்கு மேற்பட்ட தூரம், அவர் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நகரத்தில் பெருங் கூட்டம் கூடி அவரை ஆரவாரத்துடன் வரவேற்றது. தேர்தல் பந்தயத்தில் தோற்றவன் ஜெயித்தவனையே கைவண்டியில் உட்காரவைத்து ஊர்வலம் விடுவதும் அந்நாட்டில் வெகு காலம் வழக்கத்திலிருந்தது.

இந்த வேடிக்கைக்குள் ஒரு பெரிய தர்மம் அடங்கியிருக்கிறது. பந்தயம் கட்டுகிறவர் இருவரும், எண்ணிக்கை எப்படி முடிந்தாலும் அதற்குக் கட்டுப்படுவதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறார்கள். கல்யாணப் பந்தலில் சம்பந்திகள் ஒருவரையொருவர் ஏசிப் பாடுவதை நாம் கேட்டிருக்கிறோம். பிறகு ஒரே பந்தியில்தான் உட்காருகிறார்கள். உறவு நிச்சயமாயிருக்கிற இடத்தில்தான் ஏசலுக்கு இடமுண்டு.

சிரிப்பு அடங்கிய வருஷம்

அடுத்த தேர்தல் 1860-ல் வந்தது. ஆபிரகாம் லிங்கனின் முகத்தையும் உயரத்தையும் பரிகசிக்காத எதிர்க்கட்சிப் பத்திரிகை அரிது. அதனால் நாடு கெட்டுவிடவில்லை. தெற்கிலுள்ள பத்து ராஜ்யங்களில் அவருக்கு வோட்டுப் போட ஒரு சீட்டுக்கூட இல்லை. கேடு அங்கே இருந்தது. 1861 பிப்ரவரி 13-ல் எலெக்டர் வோட்டுகளை எண்ணியபோது, சபையில் தலைமை வகித்தவர் உப ஜனாதிபதி பிரெக்கின்ரிட்ஜ். அவரே லிங்கனிடம் தோற்ற அபேட்சகர்களில் ஒருவர். தமது தோல்வியைத் தாமே அறிவித்தார். ஆனால் அதற்குள் ஏழு ராஜ்யங்கள் முடிவை ஏற்க மறுத்து விலகிவிட்டன. அந்த வருஷம் முடிவதற்குள் பிரெக்கின்ரிட்ஜே பிரிவினைக்காரர்களின் சேனையில் தளபதியாகிவிட்டார். தொடர்ந்த யுத்தத்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1840-ன் குதூகலத்திலும் 1856-ன் பந்தயத்திலும் அடிமைகளுக்கு இடமில்லை, பெண்களுக்கு வோட்டில்லை. 1870-ல் நிற பேதமின்றி வோட்டுரிமை என்று அரசியல் சட்டத்தில் எழுதிய பிறகும், தலைவரியும் எழுத்தறிவுப் பரீட்சையும் வைத்துத் தெற்கு ராஜ்யங்கள் நீக்ரோ மக்களைச் சாவடிக்கு வெளியிலேயே நிறுத்தின. 1965-ம் வருஷத்து வோட்டுரிமைச் சட்டம் வந்த பிறகே அந்த அநீதி பெருமளவுக்கு ஒடுங்கியது. பெண்கள் தேசமெங்கும் வோட்டுப் பெற்றது 1920-ல்.

இங்கேதான் நாம் தேடிய எல்லை தெரிகிறது. 'உன் ஆள் கழுதை' என்று சொல்வது கேலி. 'உன் வோட்டு வோட்டே அல்ல' என்று சொல்வது பகை. முன்னதை எவ்வளவு வேண்டுமானாலும் பொறுக்கலாம். பின்னதை எவ்வளவு நயமான பாஷையில் சொன்னாலும் பொறுக்கக் கூடாது.

தீர்ப்புக்குப் பின்

நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தீர்ப்புச் சொல்லும்வரை வக்கீல்கள் அனல் பறக்க வாதிடலாம், அப்பீலும் செய்யலாம். கடைசித் தீர்ப்புக்குப் பிறகு அதை நிந்திக்கலாம், மீறலாகாது. 2000-ம் வருஷத் தேர்தலில் ப்ளோரிடா ராஜ்யத்தின் 537 வோட்டு வித்தியாசம் ஜனாதிபதி பதவியையே நிர்ணயித்தது. சுப்ரீம் கோர்ட்டு டிசம்பர் 12-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஆல் கோருக்கு விரோதமாகத் தீர்த்தது. தீர்ப்பு தமக்குச் சம்மதமில்லையென்றும், ஆயினும் ஏற்பதாகவும் மறுநாளே அவர் அறிவித்தார். 2001 ஜனவரி 6-ல், உப ஜனாதிபதி என்ற முறையில், தம் தோல்வியைத் தாமே சபையில் படித்தார். 1961-ல் நிக்ஸனும் அவ்விதமே செய்திருந்தார்.

2020-ம் வருஷத் தேர்தலில் பைடன் 306, டிரம்ப் 232. அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டன. வழக்குத் தொடர்ந்ததை நாம் குறை சொல்லமாட்டோம். அநேகமாக எல்லாம் தள்ளுபடியான பிறகும், 2021 ஜனவரி 6-ல் ஒரு கும்பல் சபை மண்டபத்துக்குள் புகுந்து எண்ணிக்கையைத் தடுக்க முயன்றதே, அது சரித்திரத்தில் கறை. நான்கு வருஷங்களுக்குப் பிறகு டிரம்ப் 312, கமலா ஹாரிஸ் 226 என்று முடிவு வந்தது. 2025 ஜனவரி 6-ல் அதே மண்டபத்தில் ஹாரிஸ் தலைமை வகித்து, தம்மைத் தோற்கடித்த எண்ணிக்கையைத் தம் வாயாலேயே அறிவித்தார். அவர் கொள்கையை ஒப்பாதவர்களும் அந்தச் சில நிமிஷங்களின் மதிப்பை ஒப்பவேண்டும்.

எனவே, வோட்டர்கள் வாயை அடைக்கவேண்டுமென்று கூறும் பெரியவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: கேலி நடக்கட்டும். அபேட்சகரின் நடை, உடை, பேச்சு, வாக்குறுதி எல்லாம் சந்தி சிரிக்கட்டும். ஆனால் கேலி செய்யும் ஒவ்வொருவரும் சாவடிக்குப் போகுமுன் தம்மைத்தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: என் கட்சி தோற்றால், அந்த ஆப்பிள் பீப்பாயை நான் தள்ளிக்கொண்டு போவேனா? போவேன் என்று சொல்லக்கூடியவருக்கு எந்த அபேட்சகரையும் பரிகசிக்கப் பூரண உரிமை உண்டு.