விடுப்பும் ஒரு மருந்துதான்!

மருந்து பாதி, ஓய்வு பாதி. ஆனால், 'சம்பளம் நின்னு போச்சே'ங்கிற கவலையோடு படுத்திருப்பவருக்கு ஓய்வு ஏது? தூக்கமும் பசியும் கெட்டால் நோய்தானே வலுக்கும்!

அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்காக 1988-ல் ஒரு சட்டம் வந்தது. புற்றுநோய் போன்ற கடும் நோயில் ஒருவரின் விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டால், சக ஊழியர்கள் தங்கள் ஆண்டு விடுப்பைத் தானம் தரலாம். அவருக்குச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்.

கொடுப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. நோய்க்கால விடுப்பைத் தர முடியாது. ஆண்டு விடுப்பிலும், பொதுவாக ஒரு வருடத்தில் சேருவதில் பாதிவரைதான். நேரடி மேலதிகாரிக்குத் தரக்கூடாது. வற்புறுத்தலுக்கு வழியில்லை பாருங்கள்! மிஞ்சினால் கொடுத்தவருக்கே திரும்பும்.

ரத்ததானம் மாதிரிதான் இது. தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டு யாரும் தர வேண்டாம். உங்களுக்கு அது ஒருநாள் விடுப்பு; படுத்திருப்பவருக்கோ ஒரு ராத்திரி நிம்மதியான தூக்கம்!