எல்லாக் குச்சியும் தரலாம், எலுமிச்சைக் குச்சி தவிர!

இன்று உங்களை அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கு அழைத்துப் போகிறேன்.

அங்கே வீட்டுத் தோட்டத்தில் ஆசைக்குப் பழமரம் வளர்ப்பவர்கள் 1968-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயர் கலிபோர்னியா அரிய பழம் வளர்ப்போர் சங்கம். குளிர்காலத்தில் பல ஊர்களில் கூடுவார்கள். மேசை நிறைய ஆப்பிள், பிளம், அத்தி என்று குச்சிகள் இருக்கும். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

"வெறும் குச்சியை வைத்து என்ன செய்வது?" என்றுதானே நினைக்கிறீர்கள்? அருமையான கேள்வி!

இனிப்பான மாம்பழத்தின் கொட்டையை நட்டால் அதே ருசி கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. விதைக்குள் இரண்டு மரங்களின் குணங்கள் கலந்திருக்கும். குச்சியில் அந்தக் கலப்பு இல்லை. அதை நெருங்கிய உறவுள்ள வேறொரு செடியின் தண்டில் செருகி இறுகக் கட்டினால், பட்டைக்கு அடியில் உள்ள வளரும் படலங்கள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் குச்சியில் காய்ப்பது தாய் மரத்தின் பழமேதான். இதுதான் ஒட்டுக்கட்டுதல்.

புரிகிறதா? சரி, ஓர் உதாரணம் சொல்கிறேன். 1873-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் எலைசா டிபெட்ஸ் என்ற அம்மையார் நேவல் ஆரஞ்சு நட்டார். அந்தப் பழத்தில் விதையே கிடையாது! ஒட்டுக்கட்டித்தான் அது தோட்டம் தோட்டமாகப் பரவியது. அவர் நட்ட மரம் ஒன்று இன்றும் உயிரோடு நிற்கிறது.

ஆரஞ்சு, எலுமிச்சை, பம்பளிமாஸ் எல்லாம் ஒரே சிட்ரஸ் குடும்பம். அந்தக் கூட்டங்களில் இவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடிக்கவே மாட்டார்கள். ஆனால் குச்சி மேசையில் சிட்ரஸ் மட்டும் இருக்காது. ஏன் தெரியுமா?

காரணம், சைலிட் என்ற குட்டிப் பூச்சி. அதன் நீளம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தளிரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அப்போது ஒரு பாக்டீரியாவை மரத்துக்குள் விட்டுவிடக்கூடும். அது வந்தால் சிட்ரஸ் கிரீனிங் என்ற நோய்.

நோய் என்ன செய்யும்? மதிய உணவு மணி அடித்துவிட்டது. சமையலறையில் சோறும் தயார். ஆனால் இடையில் உள்ள கதவு பூட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பட்டினிதானே? மரத்திலும் அதே கதை. இலை உணவு தயாரிக்கும். அதைக் கொண்டுபோகும் குழாய்கள் அடைபட்டுவிடும். வேர் பட்டினியில் வாடும். இலை மஞ்சளாகும். பழம் கோணலாகி, அடியில் பச்சையாகவே நின்று, கசக்கும். நோய் வந்த மரத்தைக் குணமாக்க மருந்து இல்லை.

அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான புளோரிடாவில் இந்த நோய் 2005-இல் தெரியவந்தது. கலிபோர்னியாவில் 2012-இல், ஒரு வீட்டுத் தோட்டத்து மரத்தில்!

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். குச்சி தாய் மரத்தை அப்படியே கொண்டுவரும் என்றேன் அல்லவா? அப்படியானால் அதன் நோயையும் கொண்டுவரும்! நோய் புகுந்த மரம் நீண்ட நாள் நன்றாகவே தெரியும். அதனால் அன்பாகத் தரும் குச்சியிலும் ஆபத்து ஒளிந்திருக்கலாம்.

அப்படியென்றால் புது வகை எலுமிச்சைக்கு எங்கே போவார்கள்? ரிவர்சைடில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. அங்கே விஞ்ஞானிகள் ஊசிமுனை அளவுத் தளிர்நுனியை எடுத்து, குட்டி நாற்றில் ஒட்டி, நோயற்ற தாய் மரங்களை உருவாக்குகிறார்கள். சோதித்துப் பார்த்த குச்சிகளை விலைக்கு அனுப்புகிறார்கள்.

இன்னொரு செய்தி. நம் கறிவேப்பிலையும் எலுமிச்சைக்குச் சொந்தம்தான்! சைலிட்டுக்குக் கறிவேப்பிலைத் தளிரும் பிடிக்கும். அதனால் கலிபோர்னியாவில் கறிவேப்பிலைச் செடியை இடம் மாற்றவும் கட்டுப்பாடு உண்டு.

உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையின் தளிரைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பின்பக்கம் தூக்கிய பூச்சி இருக்கிறதா? யாராவது செடியோ குச்சியோ தந்தால், நன்றி சொல்லிவிட்டு, "தாய் மரம் நலமாக இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். நல்ல தோட்டக்காரர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.